டிரெய்லர் இழுக்கும் பிக்கப்பில் கியர்பாக்ஸ் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டி ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது. எஸ்யூவி, வேன் வைத்து இழுப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அளவுகள் எல்லாம் செல்சியஸில். உங்கள் மீட்டர் ஃபாரன்ஹீட்டில் காட்டினால் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 200 என்றால் இங்கே 93, 250 என்றால் 121.

இன்ஜின் சூட்டுக்குத்தான் மீட்டர் இருக்கிறதே, கியர்பாக்ஸ் சூட்டைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. இன்ஜினை ஆற்றும் ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலன்ட், 90 சொச்சத்தில் சமர்த்தாக நிற்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் 120-ஐத் தாண்டியிருக்கலாம். இன்ஜின் கொதித்தால் ஆவி பறக்கும், விளக்கு எரியும், நீங்களே வண்டியை ஓரங்கட்டிவிடுவீர்கள். கியர்பாக்ஸ் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. ஏற்றம் ஏறி, இறங்கி, வீடு வந்து சேர்ந்து, டிரெய்லரைக் கழற்றி வைக்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். பல மாதம் கழித்து ஒருநாள், ரிவர்ஸ் போட்டால் அரை நொடி தயங்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் ஒரு முறை உறுமிவிட்டு அப்புறம்தான் கியர் பிடிக்கும். அப்போது அந்த ஏற்றம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அது எரியும் நேரத்தில் ஆயில் ஏற்கெனவே வெந்திருக்கும்.

அந்தச் சூடு எங்கே பிறக்கிறது?

பெரும்பகுதி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஆனால் முதலாவதின் வேகத்துக்கு வராது. கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் பக்கத்து இறக்கைகள் ஆயிலை வீசுகின்றன, கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அதில் சுற்றுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம்தான் வழுக்கல். வழுக்கலில் தொலைகிற சக்தி அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் இன்ஜின் 100 கிலோவாட் கொடுக்கிறது, கன்வெர்ட்டரில் 12 சதவீதம் தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோவாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் 2 கிலோவாட் மின்கெட்டில் ஆறினை ஒன்றாக ஆயிலுக்குள் போட்டு ஓடவிட்டது போல. உள்ளே 10 லிட்டர் ஆயில் இருந்தால் அது ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 17 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒன்றரை நொடிக்கு ஒரு டிகிரி, ஒரு நிமிடத்தில் 40 டிகிரி. ஆயிலை ஆற்றும் கூலரும் கியர்பாக்ஸ் உலோகமும் எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கதி. நிஜத்தில் அவை நிறைய எடுத்துக்கொள்கின்றன, அதனால்தான் வண்டி பிழைக்கிறது. ஆனால் சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறக்கூடியது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

கன்வெர்ட்டருக்குள்ளேயே லாக்-அப் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அது பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும், வழுக்கல் ஏறக்குறைய இல்லை, கெட்டில்கள் அணைந்துவிடும். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த லாக்-அப்பைப் பிடிக்கவைத்து அப்படியே வைத்திருப்பது எப்படி என்பதுதான்.

எத்தனை டிகிரி வரை சரி?

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சட்டியில் அளந்தால், லோடு இல்லாமல் சமதளத்தில் பெரும்பாலான வண்டிகள் 75-லிருந்து 95-க்குள் இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆயிலை வேண்டுமென்றே 90-100 அளவில் சூடாக வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியிலிருந்து புதியதுக்கு மாறியவர்கள் இதைப் பார்த்துத்தான் முதலில் பதறுகிறார்கள், பதற வேண்டாம்.

இழுக்கும்போது 100-105 வரை சாதாரணம். 110 தாண்டினால் நான் காலைத் தளர்த்தி ஏதாவது செய்யத் தொடங்குவேன். 115-ஐ ஒட்டி ஆயிலில் வார்னிஷ் போன்ற பழுப்புப் படலம் உண்டாகத் தொடங்கும் என்றும், 125-130 அளவில் ரப்பர் சீல்கள் இறுகத் தொடங்கும் என்றும், 145-ஐ நெருங்கினால் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும் என்றும் கியர்பாக்ஸ் பிரிக்கிறவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். இவை கத்தி வைத்து வெட்டிய எல்லைகள் இல்லை. 120-ல் ஐந்து நிமிடம் இருப்பதும், 120-ல் மூன்று மணி நேரம் இருப்பதும் வேறு வேறு. உங்கள் வண்டிக்கான கையேட்டில் ஓர் எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். நான் சொல்வது அதற்கு அடுத்தபடி.

11 டிகிரி கூடினால் ஆயில் ஆயுள் பாதியாகும் என்கிறார்களே?

80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும், அதாவது 20 ஃபாரன்ஹீட்டுக்கும், ஆயுள் பாதியாகும் என்பது நெடுங்காலமாகச் சுற்றிவரும் கணக்கு. 80-ல் 1,00,000 மைல் ஓடும் ஆயில், 91-ல் 50,000, 102-ல் 25,000, 124-ல் 6,000 சொச்சம் என்று அட்டவணையே உண்டு. அது பழைய மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் அதைவிட நன்றாகத் தாங்குகின்றன, ஆகவே எண்களை அப்படியே நம்பிப் பயப்பட வேண்டாம். ஆனால் வளைவின் போக்கு இன்றும் அதேதான்: 95-லிருந்து 105-க்குப் போவதைவிட 115-லிருந்து 125-க்குப் போவது பல மடங்கு கெடுதல்.

ஒரே வண்டி, ஒரே ஏற்றம். என் மீட்டர் 98 காட்டியது, பிற்பாடு வாங்கிப் பொருத்திய இன்னொரு மீட்டர் 131 காட்டியது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் இருவர் தங்கள் வண்டிகளின் சூட்டை ஒப்பிட்டுப் பேசுவது வீண்.

ஆயில் கன்வெர்ட்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது. அங்கிருந்து குழாய் வழியாகக் கூலருக்குப் போகிறது. ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்பி, கடைசியில் அடியில் இருக்கும் சட்டியில் விழுகிறது. இந்த வட்டத்தில் எங்கே சென்சார் வைத்தாலும் ஒரு எண் கிடைக்கும். நான்கு இடத்தில் வைத்தால் நான்கு எண்.

கூலருக்குப் போகும் சூடான குழாயில் வைத்தால் கன்வெர்ட்டரின் கோபத்தை உடனுக்குடன் பார்க்கலாம். லாக்-அப் விட்டதும் எண் துள்ளி ஏறும், பிடித்ததும் விழும். ஏற்றத்தில் சில நொடிகளுக்கு 130, 140 என்று காட்டினால்கூட அது பேரழிவு என்று அர்த்தமில்லை. சட்டியில் வைத்தால் எல்லாம் கலந்த சராசரி. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். கிளட்ச் தகடுகளையும் சீல்களையும் பெரும்பாலும் நனைத்துக்கொண்டிருப்பது இந்த ஆயில்தான் என்பதால் நான் முடிவெடுக்கப் பார்ப்பது சட்டியின் எண்ணை. கூலரிலிருந்து திரும்பும் குழாயில் வைத்தால் கூலர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரியுமே தவிர, கியர்பாக்ஸ் எவ்வளவு வேகிறது என்று தெரியாது. அங்கே வரும் எண் பார்க்க அழகாக இருக்கும், அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

சில வண்டிகளில் சட்டிக்கு ஒன்று, கன்வெர்ட்டர் வெளிவாய்க்கு ஒன்று என்று கம்பெனியே இரண்டு சென்சார் வைத்திருக்கும். அப்படியிருந்தால் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் எண் ஏறிய கொஞ்ச நேரம் கழித்து, ஊருக்குப் போன பிள்ளை மெதுவாகத் திரும்புவது போல, சட்டி எண் பின்னாலேயே வரும். மேட்டின் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகும் சட்டி எண் இரண்டு மூன்று டிகிரி ஏறுவது இதனால்தான்.

வண்டியோடு வந்த முள் மீட்டர் போதாதா?

எண் காட்டும் மீட்டர் என்றால் போதும். வெறும் முள் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. ஓட்டுகிறவர் பயப்படக்கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் ஒரு பெரிய இடைவெளி முழுவதும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை கடந்துபோயிருக்கும். உங்கள் வண்டியின் மெனுவுக்குள் எங்கேயாவது எண்ணாகக் காட்டும் பக்கம் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல பிக்கப்களில் இருக்கிறது, உரிமையாளருக்கே தெரிவதில்லை.

ஓபிடி அடாப்டர் மாட்டி போனில் பார்க்கலாமா?

பார்க்கலாம், மலிவான வழியும் அதுதான். ஓபிடி என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள தகவலை வெளியிலிருந்து படிக்கும் வழி. ஸ்டீயரிங் அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகினால் ஆப் வழியாகப் படிக்கலாம். ஆனால் ஒரு சிக்கல். கூலன்ட் சூடு, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) போன்றவை எல்லா வண்டிக்கும் பொதுவான குறியீட்டில் வருகின்றன. கியர்பாக்ஸ் சூட்டைப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் சொந்தக் குறியீட்டில் வைத்திருக்கின்றன. ஆகவே ஆப்பில் உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு, கியர்பாக்ஸ் வகைக்கான குறியீட்டைச் சேர்க்க வேண்டியிருக்கும். தவறான குறியீட்டைப் போட்டாலும் ஏதோ ஓர் எண் வரும். அது சரியா என்று பார்க்க எளிய சோதனை: இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓடவிடாமல் பாருங்கள். கியர்பாக்ஸ் சூடு, கூலன்ட் சூடு, வெளிக்காற்றின் சூடு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

மைனஸ் 40 காட்டுகிறது. உறைந்துவிட்டதா?

இல்லை, ஒயர் விட்டிருக்கிறது. ஓபிடியில் வெப்பநிலையை 40 கூட்டி அனுப்பி, படிக்கும் இடத்தில் 40 கழிப்பது வழக்கம். தகவலே வராமல் பூஜ்யம் வந்தால் திரையில் மைனஸ் 40. தவிர, இந்த சென்சார்கள் குளிரக் குளிர மின்தடை கூடும் வகை. ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போய், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டும் ஒன்றாகிற இடமும் மைனஸ் 40 என்பதால் எந்த மீட்டரிலும் இதே எண்தான் வரும்.

தனி மீட்டர் வாங்கிப் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சென்சார் ஓடும் ஆயிலில் நனைய வேண்டும். டி வடிவ இணைப்பின் முட்டுச்சந்தில் சென்சாரைத் திருகினால், அங்கே தேங்கிய ஆயிலின் சூட்டைத்தான் படிக்கும். சட்டியில் வைப்பதானால், தரையில் கல் அடிக்காத பக்கமாக, சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது எர்த். ஒற்றை ஒயர் சென்சார்கள் தங்கள் மறையின் வழியாகவே எர்த் எடுக்கின்றன. என் வண்டியில் ஒரு பட்டறையில் பொருத்திக் கொடுத்த மீட்டர், எவ்வளவு பெரிய மேடு ஏறினாலும் 70-ஐத் தாண்டவில்லை. முதல் மாதம் அதை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சந்தேகம் வந்து சென்சாரைக் கழற்றினேன். மறை முழுக்க வெள்ளை டேப், பாண்டேஜ் போட்ட விரல் மாதிரி. டேப்பை உரித்துவிட்டு, சென்சார் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயரைக் கட்டி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் முனையை மட்டும் முக்கினேன். மீட்டர் 70-ஐத் தாண்டி, 90-ஐத் தாண்டி, 98-ல் போய் நின்றது. சென்சார் நல்லது, டேப் எர்த்தை மறைத்து, தடையைக் கூட்டி, சூட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. பொய் சொல்லும் மீட்டர் கூட்டிச் சொன்னால் பரவாயில்லை, குறைத்துச் சொல்வதுதான் ஆபத்து. புதிதாக வாங்கினால் இந்தக் கொதிநீர்ச் சோதனையைப் பொருத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளக்கலாமா?

தோராயத்துக்கு. சட்டியின் வெளித்தோலைத்தான் அது படிக்கும். காற்று பட்டு அது ஆயிலைவிடக் குளிர்ந்திருக்கும். பளபளக்கும் அலுமினியம் என்றால் இன்னும் தவறாகக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்தால் கொஞ்சம் தேவலாம்.

ஏற்றத்தில் எண் ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

முதலில், எண்ணைவிட அது ஏறும் வேகத்தைப் பாருங்கள். 108-ல் அசையாமல் நிற்கும் வண்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 96-லிருந்து இரண்டு நிமிடத்தில் 106-க்கு வந்த வண்டிதான் கவலை.

பெரும்பாலோர் செய்யும் தவறு, உயர்ந்த கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை அமுக்குவது. வண்டி திணறும், கம்ப்யூட்டர் லாக்-அப்பை விட்டுவிடும், கன்வெர்ட்டர் வழுக்கத் தொடங்கும். அல்லது நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து என்று கியர் தடுமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சூடு. இரண்டுக்கும் ஒரே மருந்து: நீங்களே ஒரு கியர் குறைத்து அதிலேயே பிடித்து வையுங்கள். ஆர்பிஎம் ஏறும், சத்தம் கூடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. லாக்-அப் பிடிக்க இப்போது வாய்ப்பு அதிகம், கியர்பாக்ஸ் பம்ப் வேகமாகச் சுற்றி அதிக ஆயிலைக் கூலருக்குத் தள்ளும், ரேடியேட்டர் தண்ணீரும் வேகமாக ஓடும்.

முதல் முறை இதை நான் நம்பாமல்தான் செய்தேன். இரண்டு டன் டிரெய்லர், நீண்ட ஏற்றம், மதிய வெயில். அடிவாரத்தில் 94. பாதி வழியில் 116, கியர் நான்கு, ஆர்பிஎம் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றுக்குக் குறைத்தேன். இன்ஜின் அலறியது. முள் நடுக்கம் நின்றது. ஒரு நிமிடம் 117, அப்புறம் 115, 112. உச்சிக்கு வரும்போது 104. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான் குறைந்திருந்தது.

ஏசியை அணைப்பதும் கொஞ்சம் உதவும், ஏனென்றால் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றைச் சூடாக்குகிறது. எல்லாவற்றையும்விட, வேகத்தைக் குறையுங்கள். உயரமான பெட்டி டிரெய்லருக்குக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். எதிர்காற்று இருந்தால் சமதளமே ஏற்றம் போலாகிவிடும்.

லாக்-அப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை மெல்ல ஒரு இழை அழுத்துங்கள். வேகம் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் 200, 300 தாவினால் லாக்-அப் பிடிக்கவில்லை. ஆர்பிஎம்மும் வேகமும் கயிற்றில் கட்டியது போல் சேர்ந்தே நகர்ந்தால் பிடித்திருக்கிறது. பழைய நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் மேல் கியர்களில் மட்டும்தான் லாக்-அப் உண்டு. இன்றைய எட்டு, பத்து கியர் பெட்டிகளில் கீழ்க் கியர்களிலேயே பிடித்துவிடும். இழுவைக்கு அவை குளிர்ச்சியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டோ மோடு போட்டால் போதுமா?

டோ மோடு என்பது இழுவைக்கு ஏற்றபடி கியர் மாற்றத்தை அமைக்கும் பொத்தான். டிரெய்லர் இருந்தால் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கியரை நீண்ட நேரம் பிடித்து வைக்கும், தடுமாற்றத்தைக் குறைக்கும், பல வண்டிகளில் லாக்-அப்பைச் சீக்கிரம் பிடிக்கவைக்கும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக் கிடைக்கும். பழைய வண்டிகளில் இதற்குப் பதில் ஓவர்டிரைவை, அதாவது மேல் கியரை, அணைக்கும் பொத்தான் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் முன்னால் வரும் மேடு எவ்வளவு நீளம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். செங்குத்தான நீள ஏற்றத்தில் கையால் கியர் தேர்வு செய்வதை நான் விடவில்லை.

120 தாண்டிவிட்டது, ஓரங்கட்டிவிட்டேன். இன்ஜினை அணைக்கலாமா?

உடனே அணைக்காதீர்கள். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஆயில் கூலருக்குப் போகாது, கன்வெர்ட்டருக்குள் அகப்பட்ட சூடு அங்கேயே வெந்துகொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம் அளவில் ஓடவிடுங்கள். டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பது கூடாது. அப்போது கன்வெர்ட்டர் வழுக்கிச் சூட்டைக் கூட்டும். பார்க்கில் போடலாமே என்றால், பழைய கியர்பாக்ஸ் சிலவற்றில் பார்க்கில் கூலருக்கு ஆயில் ஓடாது. நியூட்ரல் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. கூலருக்கு முன்னால் மின்விசிறி இல்லையென்றால் நின்ற வண்டியில் ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். டீ குடிக்கும் நேரம்தான்.

நெடுஞ்சாலையில் 95 தாண்டாத வண்டி, டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது 115 காட்டுகிறதே?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரிவர்ஸில் லாக்-அப் கிடையாது. வேகம் நடை வேகம், காற்றோட்டம் இல்லை, மண் தரை என்றால் சக்கரம் புதைகிறது, கால் ஆக்சிலரேட்டரில். கன்வெர்ட்டர் முழுவதுமாக வழுக்கும் நிலைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆயிலை வேகவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வண்டியை அசையவிடாமல் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் செய்யாதே என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தக் காரணத்துக்குத்தான்.

தளர்ந்த மண்ணில் ஏற்றமாகப் பின்தள்ள வேண்டியிருந்தால் நான்கு சக்கர லோ ரேஞ்சில் போடுங்கள். அதே வேலையைக் கன்வெர்ட்டர் பாதிக்கும் குறைவான சிரமத்தில் செய்யும். இறுகிய தார், சிமென்ட் தரையில் வளைத்துத் திருப்பும்போது மட்டும் லோ ரேஞ்ச் வேண்டாம், சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். இரண்டு தடவை முயன்றும் சரியாக வரவில்லையென்றால் நியூட்ரலில் போட்டு நிறுத்தி மீட்டரின் எண்ணைப் பாருங்கள்.

கூடுதல் கூலர் வைத்தால் தீர்ந்துவிடுமா?

பெரும்பாலும் தீரும், ஒழுங்கான கூலராக இருந்தால். பல வண்டிகளில் ஆயில் முதலில் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் சிறு கூலர் வழியாகப் போகிறது. அங்கே தண்ணீரின் சூட்டுக்குக் கீழே இறங்க முடியாது, ஆனால் காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கவும் அதுவே உதவுகிறது. அதற்கு அடுத்ததாகக் காற்றுக் கூலரை இணைப்பதுதான் வழக்கமான முறை. பாம்பு போல் வளைந்த குழாய் வகையைவிட அடுக்கடுக்கான தகடு வகை அதே அளவில் நன்றாக ஆற்றும்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உள்ளுக்குள் ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்பு மில்க்‌ஷேக் மாதிரி ஆகிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அந்த நிறம் கண்டால் வண்டியை ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தகட்டின் காகித லைனிங்கையும் அதை ஒட்டியிருக்கும் பசையையும் தண்ணீர் அரித்துவிடும்.

அளவுக்கு மீறிக் குளிர்ந்தால்?

அதுவும் கெடுதல்தான். ஆயில் போதுமான அளவு சூடாகும் வரை பல கியர்பாக்ஸ்கள் லாக்-அப்பைப் பிடிக்கவே விடாது. கடுங்குளிரில் பெரிய கூலர் வைத்திருப்பவர்கள் ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்குப் போகவிடாமல் திருப்பும், தெர்மோஸ்டாட் உள்ள பைபாஸ் வால்வு சேர்த்துக்கொள்வது நல்லது. காலையில் வண்டியை எடுத்ததும் நேராக மேடு ஏற வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள்.

ஆயில் லெவலுக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் போய்க் கிளட்ச் வழுக்கும். கூடினால் சுற்றும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை ஆற்றாது. இரண்டிலும் சூடுதான் மிச்சம். சூட்டில் ஆயில் விரிவதால், குளிர்ந்த வண்டியில் பார்த்த லெவலை நம்பி ஊற்றக் கூடாது. டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் குறிப்பிட்ட டிகிரிக்குள் இருக்கும்போது அடித் திருகைத் திறந்து பார்ப்பார்கள். அங்கேயும் உங்கள் மீட்டர் பயன்படும். ஆயில் வகை டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, ஏடிஎஃப்+4 என்று கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவேதான். எல்லாம் சிவப்பாக இருக்கிறதே என்று மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

ஒரு முறை 130 தொட்டுவிட்டது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

சட்டியில் 130, ஓரிரு நிமிடம் என்றால் போயிருக்காது. ஆறிய பிறகு ஒரு சொட்டு ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்போ லேசான பழுப்போ பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உடனே மாற்ற வேண்டும். அரை மணி நேரம் அந்தச் சூட்டில் இருந்திருந்தால், நிறம் நன்றாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். சட்டியைக் கழற்றி வடித்தால் பாதி அல்லது அதற்கும் குறைவான ஆயில்தான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து நிரப்புவது வழக்கம்.

சட்டி கழன்றதும் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். விரலால் தேய்த்தால் பென்சில் கரி போல் வழுவழுப்பான சாம்பல் பசை என்றால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் துணுக்குகள் என்றால் ஆயில் மாற்றுவதோடு விஷயம் முடியாது.

மேனுவல் கியர், சிவிடி வண்டிகளுக்கும் இதெல்லாம் உண்டா?

மேனுவலில் கன்வெர்ட்டர் இல்லை, பெரிய தலைவலியும் இல்லை. கிளட்ச் வாடை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் சிவிடியில் உண்டு, ஆனால் அதன் ஆயிலும் எல்லைகளும் வேறு. மேலே சொன்ன எண்களை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

எச்சரிக்கை மணியை எத்தனையில் வைப்பது?

மீட்டர் மாட்டிய அன்றே ஓர் எண்ணை வைக்காதீர்கள். முதலில் டிரெய்லர் இல்லாமல் உங்களுக்குப் பழகிய ஒரு பாதையில் ஓட்டி, வெளிக்காற்று எத்தனை, சட்டி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பாதையில் டிரெய்லரோடு. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'வெளியே 34, காலி 86, லோடு 97, மேட்டு உச்சி 105.' இப்படி நான்கைந்து பயணம் ஆனதும் உங்கள் வண்டியின் சுபாவம் பிடிபட்டுவிடும். வழக்கமான உச்சத்துக்கு மேல் ஐந்து டிகிரியில் மணியை வையுங்கள். எப்படியும் 115-க்கு மேல் வேண்டாம். எனக்கு 110. ஒரு வருடம் கழித்து அதே மேட்டில், அதே லோடில், அதே வெயிலில் 113 காட்டி மணி அடித்தது. கூலரின் முகம் முழுக்கச் செத்த பூச்சியும் புழுதியும் அப்பியிருந்தன. பிரஷ்ஷும் மெல்லிய தண்ணீர்ப் பீய்ச்சலும் போதுமாயிருந்தது. அடுத்த முறை 105.